ஊர்க் கிணறும் ஒரு பொட்டலம் ப்ளீச்சிங் பவுடரும்

விடுமுறைக்கு ஊர் போகும் நம் அன்பர்கள் பலர், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே உறவினருக்குத் தொலைபேசியில் சொல்லி விடுவார்கள்: "வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கி வையுங்கள். கிணற்றில் கொஞ்சம் மருந்தும் போட்டு விடுங்கள்." அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடு. என் அக்காள் மகன் நல்ல எண்ணத்தோடு ஒரு முழுப் பொட்டலத்தை அப்படியே கிணற்றுக்குள் கொட்டி விட்டான். நாங்கள் போய் இறங்கிய அன்று, வாளியில் வந்த நீரை வாயில் வைக்க முடியவில்லை. மூன்று நாள் பக்கத்து வீட்டு நீர். நான்காம் நாள் வாடை போய்விட்டது. "மருந்து போட்ட கிணறுதானே" என்று குழந்தைகள் உட்பட எல்லோரும் குடித்தோம். திரும்பி வந்த நான்காவது வாரம் என் இளைய மகனுக்கு மஞ்சள் காமாலை. அந்தக் கிணறுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நீர் வழியாக வரும் இந்தக் காமாலைக் கிருமி உடலில் புகுந்து 15 முதல் 50 நாள்கள் கழித்தே வெளியே தெரியும். ஆனால் நாங்கள் செய்த தவறு என்ன என்பது பிறகு படித்தும் கேட்டும் தெரிந்தது.

ப்ளீச்சிங் பவுடர் என்பது சுண்ணாம்பில் குளோரினைப் பிடித்து வைத்த பொடி. புதிதாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும் குளோரின், மீதி பெரும்பாலும் சுண்ணாம்பு. காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் குளோரின் பறந்து விடும். மாட்டுத் தொழுவத்தில் வாய் திறந்தபடி ஓராண்டு கிடந்த பொட்டலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? நல்ல பொடியானாலும் அப்படியே கொட்டினால் கட்டியாக அடியில் போய்ச் சேறோடு சேர்ந்து விடும். மேல் நீரில் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் இல்லாமலும் இருக்கும்.

ஆகவே முதலில் கிணற்றை அளக்க வேண்டும். கயிற்றில் கல் கட்டி அடிவரை இறக்கி, நனைந்த பகுதியை அளந்தால் நீரின் ஆழம் கிடைக்கும். கிணற்றின் விட்டத்தையும் மீட்டரில் அளந்து கொள்ளுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் வருவது லிட்டர் கணக்கு. 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் 28,260 லிட்டர். வழக்கமான காலத்தில் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பொடி போதும். இந்தக் கிணற்றுக்கு 70 கிராம்! நாங்கள் கொட்டியதோ ஒரு கிலோ. வெள்ளம் புகுந்த கிணறு, நெடுநாள் புழங்காத கிணறு என்றால் அளவை இரட்டிப்பாக்கி 140 கிராம் போடலாம். கைக்கணக்கு வேண்டாம், மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வாங்குங்கள்.

பொடியைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர் விட்டுக் களிபோல் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டி, கிணற்று நீருக்குள் முக்கி நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் விடக்கூடாது. அது நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். மாலையில் செய்து, காலையில் இறைப்பது நல்ல வழக்கம். அவசரமானாலும் ஒரு மணி நேரம் விட்டே ஆக வேண்டும்.

அளந்து போட்டாலும் எல்லாக் கிணறும் ஒன்று போல் நடப்பதில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து நீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை உள்ளது. காரம் ஏற ஏறக் குளோரினின் கிருமி கொல்லும் வேகம் குறையும்; அங்கே கூடுதல் நேரம் விட வேண்டும். அந்தப் பகுதியின் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடும் அதிகம். அதற்குக் குளோரின் மருந்தல்ல, கொதிக்க வைத்தாலும் போகாது. இடுக்கியில் கதை வேறு. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு லயங்களில் மலை ஊற்றிலிருந்து ஓஸ் போட்டு இறக்கும் நீர் மென்மையானது. ஆனால் மழைக்காலத்தில் இலைச்சருகும் மண்ணும் கலந்து வரும். அழுக்கு முதலில் குளோரினைத் தின்று விடும், மிச்சம்தான் கிருமிக்கு. அங்கே தொட்டியின் வாயில் துணி கட்டி வடித்த பிறகு மருந்திடுவதே பயன் தரும். இரும்புச் சத்துள்ள நீர் மருந்திட்டதும் பழுப்பாக மாறினால் அஞ்ச வேண்டாம், தெளிய விட்டு எடுங்கள்.

போட்டது போதுமா என்று மூக்கை நம்பக்கூடாது. ஓ.டி. என்னும் திரவத்தைச் சில சொட்டு விட்டால் குளோரின் உள்ள நீர் மஞ்சளாகும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்லலாம். அந்தத் திரவம் நச்சு, சோதித்த நீரைக் கீழே கொட்டி விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால் நல்லது. இந்தியத் தர நிர்ணயம் குழாய் நீருக்குக் கேட்கும் குறைந்த அளவு 0.2.

2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்ட அந்த வெள்ளத்துக்குப் பிறகு, கேரளம் முழுவதும் கிணறு கிணறாக மருந்திட்டார்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் மறுபடி அப்படி ஓர் இயக்கம் நடந்தது. இம்முறை காரணம் மூளையைத் தாக்கும் அமீபா. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் இந்த உயிரி குடிப்பதால் வருவதில்லை; மூக்கின் வழியே ஏறுகிறது. குளத்தில் குதிப்பது மட்டுமல்ல, மருந்திடாத தொட்டி நீரை மூக்கில் ஏற்றிக் கழுவுவதும் ஆபத்துதான். இந்நோயை 1965-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னது தெற்கு ஆஸ்திரேலியா. வெயிலில் சுடும் நீண்ட குழாய்களில் வரும் நீர் அங்கே காரணமாக இருந்தது. குழாயின் கடைசி வரை குளோரின் மிஞ்சும்படி பார்த்துக் கொண்டுதான் அதை அடக்கினார்கள்.

நம் மொட்டை மாடியில் பதினொரு மாதம் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் தொட்டியை எண்ணிப் பாருங்கள். ஊர் போய் இறங்கியதும் பழைய நீரைத் திறந்து விட்டு, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் தெளிந்த மருந்து நீரை ஊற்றுங்கள். வீட்டுக் குழாய்களை எல்லாம் வாடை வரும் வரை திறந்து, மூடி, ஒரு மணி நேரம் விடுங்கள். மருந்து கலக்கும் வாளியில் கழிவறை கழுவும் அமிலம் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் எழும் வாயு நுரையீரலைப் பொசுக்கி விடும்.

குடிப்பதற்குக் கொதிக்க வைப்பதைக் குளோரின் இட்டாலும் விட வேண்டாம். காமாலைக் கிருமி மற்றக் கிருமிகளை விடக் குளோரினுக்குச் சற்றுத் தாக்குப் பிடிக்கும். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த நீரில், சூடு தணியட்டும் என்று பச்சைத் தண்ணீர் ஒரு செம்பு கலக்கும் பழக்கம் விருந்து வீடுகளில் இன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைச் செய்தது நான்தான்.

புது வீட்டோடு நீச்சல் குளமும் கட்டும் அன்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அதற்கும் கணக்கு இதே வழிதான், அளவு மட்டும் கூடும்: லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அதுவும் நாள்தோறும் சோதித்து. வெயில் சில மணி நேரத்தில் குளோரினைத் தின்று விடுவதால் மாலையில் இட வேண்டும். குளத்தருகே கண்ணை எரிக்கும் வாடை வந்தால் குளோரின் மிகுதி என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரின் அது. ஊரில் ஆள் இல்லாத மாதங்களில் யார் தினமும் பார்ப்பார்கள்? பதில் இல்லையென்றால், புறப்படும் முன் குளத்தை வற்ற விட்டு, மழைநீர் தேங்காதபடி வடிகாலைத் திறந்து வைத்து, பிள்ளைகள் விழாதபடி வேலியும் போட்டு விட்டு வாருங்கள்.