விவசாயியின் மடக்குக் கத்தி

வயலுக்குப் புறப்படும் விவசாயி மண்வெட்டியை மறப்பதில்லை, அரிவாளையும் மறப்பதில்லை. ஆனால் மடியிலோ பையிலோ இருக்க வேண்டிய சிறு மடக்குக் கத்தியைப் பலர் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. அரிவாளின் வேலையைக் கத்தி செய்யாது என்பது உண்மையே. எனினும் அரிவாளால் செய்ய இயலாத நுண்ணிய வேலைகள் பல உள. அவற்றை ஈண்டுக் காண்போம்.

நோயறிதல்

பயிர் வாடிய உடனே மருந்து தெளிக்க விரைதல் தவறு. தண்டைப் பிளந்து பார்த்தலே முதல் வேலை. நெல்லின் நடுக்குருத்து காய்ந்திருப்பின் அத்தண்டைக் கீறிப் பாருங்கள். தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருத்தல் கூடும். கரும்பை நீளவாக்கில் பிளக்கும்போது உட்புறம் சிவந்து, அச்சிவப்பின் குறுக்கே வெண்திட்டுகள் தென்படின் அது செவ்வழுகல் நோய். அக்கரும்பிலிருந்து விதைக்கரணை எடுத்தலாகாது.

கத்தரி அல்லது தக்காளிச் செடி பசுமை மாறாமலே திடீரென வாடினால், அடித்தண்டில் ஒரு துண்டை நறுக்கி, கண்ணாடித் தம்ளரிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் அமிழுமாறு பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற கசிவு இழையிழையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அதற்குப் பூச்சி மருந்து தெளிப்பது வீண் செலவே. இவ்வாறு ஒரு சிறு கத்தி பெரும் பணத்தை மிச்சப்படுத்தும்.

ஒட்டுக் கட்டுதலும் அவசர உதவியும்

மாவில் இளந்தண்டு ஒட்டுக் கட்டும்போது, ஒட்டுக்குச்சியின் அடியை ஆப்பு வடிவில் சீவி, வேர்ச்செடியின் பிளவில் பொருத்துகிறோம். வெட்டுவாய் வழவழப்பாக இருந்தால்தான் இரண்டின் பட்டையடித் திசுக்களும் நன்கு கூடும். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கிவிடும், ஒட்டு பிடிக்காது.

கயிறு கழுத்தில் இறுகி மூச்சுத் திணறும் மாட்டைக் காக்க முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரமிராது. அலகின் கூர் வெளிப்புறம் நோக்கியிருக்குமாறு பிடித்துக் கயிற்றை அறுத்துவிட வேண்டும்.

கத்தி படலாகாத இடங்கள்

பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. இது பேராபத்து. கீறுவதால் நஞ்சு வெளியேறாது. விரியன் நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுப்பதால், கீறிய இடத்தில் இரத்தப் பெருக்கு நிற்காமல் போகலாம். கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுதலே முறை.

குழந்தையின் தொப்புள்கொடியையும் இக்கத்தியால் அறுத்தல் கூடாது. மண்ணில் வாழும் இசிவு நோய்க் கிருமி அவ்வழியே உட்புகும். முன்னர் எண்ணற்ற சிசுக்களைக் கொன்ற இந்நோய் பெருமளவு ஒழிந்ததாக 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டிற்கு உறுதியளித்தது. தடுப்பூசியாலும் தூய பிரசவ முறையாலும் பெற்ற இவ்வெற்றியைக் காப்பது நம் கடமை.

பராமரிப்பு

நோயுற்ற செடியை வெட்டியபின் கத்தியைச் சோப்பு நீரால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே மற்றொரு செடியில் பயன்படுத்துக. ஈரமின்றித் துடைத்து, மடிப்பு மூட்டில் ஒரு துளி எண்ணெய் இடுக. அலகின் இருபுறமும் சமமாகச் சாணைக்கல்லில் தீட்டுக. மழுங்கிய கத்தியையே அழுத்திப் பிடிக்க நேரிடும். அதுவே வழுக்கிக் கையை வெட்டும். எப்போதும் உடலுக்கு எதிர்ப்புறமாகவே வெட்டுக. கையில் காயம்பட்டால் சோப்பு நீரால் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுக.

வீட்டு உபயோகத்திற்கோ விவசாயத்திற்கோ மட்டுமே அமைந்த கருவிகளை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதமெனக் கொள்வதில்லை. எனினும் திருவிழாக் கூட்டத்திற்கும் வழக்குப் பேசும் இடத்திற்கும் கத்தியைக் கொண்டுசெல்லாதிருத்தலே பண்பு.

தண்டைப் பிளந்து நோயறியும் முறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊர் விவசாயிகளுக்கு வயலிலேயே செய்து காட்டுவார்களாயின், வீண் மருந்துச் செலவு குறையும், விளைச்சலும் காக்கப்படும்.