லோடுக்குக் காத்திருக்கும் நேரம் ஓய்வு நேரமா?
லாரி ஓட்டுநரின் பணி நேரக் கணக்கு: ஒரு பாடம்



அரியலூர் - பெரம்பலூர் சாலையில் தினமும் பஸ்ஸில் வந்து போகும் நமக்கு சிமெண்ட் லாரிகள் புதிதல்ல. இந்த மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதனால்தான் 1979-ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. ரெட்டிபாளையம், தளவாய், கோவிந்தபுரம், தாமரைக்குளம், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. நம்மில் சிலராவது டிப்ளமோ முடித்ததும் ஏதாவது ஒரு ஆலையின் டெஸ்பாட்ச் பிரிவிலோ, டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலோ உட்காரப் போகிறோம். அங்கே நம் கைக்கு வரும் தாள்களில் ஒன்று டிரிப் ஷீட். அதில் ஓட்டுநரின் நேரத்தை எப்படி எழுத வேண்டும் என்பதைப் பார்ப்போம். எழுதுவது நாம்தான் என்றாலும் அதன் பலனை அனுபவிப்பது சாலையில் போகும் எல்லோரும்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. அது வைத்த அளவுகள் இவை: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூர வழித்தடங்களில் அனுமதி பெற்றால் 10 மணி, 54 மணி வரை போகலாம். தொடர்ந்து 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது இடைவேளை. ஓய்வையும் சேர்த்து, வேலை தொடங்கியதிலிருந்து முடிவது வரை மொத்த விரிவு 12 மணிக்குள் அடங்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு, 2020. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நாளுக்கு 8 மணி என்பதும், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பதும் இதிலும் உண்டு. இடைவேளையையும் விரிவு நேரத்தையும் அரசு அறிவிப்பால் நிர்ணயிக்கும். பழைய சட்டம் 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தியது; புதிய தொகுப்பு 10 பேர் என்கிறது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 91-ஆம் பிரிவு ஆள் எண்ணிக்கை பார்க்காமல், போக்குவரத்து வாகனம் ஓட்டுபவரின் பணி நேரம் தொழிலாளர் சட்டம் சொன்ன அளவில் இருக்க வேண்டும் என்கிறது.

சரி, பணி நேரம் என்றால் எது? ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நேரம் மட்டும்தானா? இல்லை. வண்டி ஓடும் நேரம், துணை வேலை நேரம், முனையத்தில் 15 நிமிடத்துக்குக் குறைவாகச் சும்மா நிற்கும் நேரம் ஆகிய மூன்றும் பணி நேரமே. லோடு ஏற்றுவதும் இறக்குவதும் துணை வேலை என்று 1961 சட்டமே பெயர் சொல்லிக் குறித்தது. புதிய தொகுப்பும் இந்த வரையறையைத் தொடர்கிறது.

காத்திருக்கும் நேரத்துக்கும் அதில் ஒரு அளவுகோல் உண்டு. ஓட்டுநர் தன் நேரத்தைத் தன் இஷ்டப்படி செலவிட முடிந்ததா? முடிந்தால்தான் அதைக் கழிக்கலாம். வண்டி அருகிலேயே இருந்தாக வேண்டிய நேரத்தை எந்தச் சூழ்நிலையில் ஓய்வாகக் கருதலாம் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை 91-ஆம் பிரிவு மாநில அரசுக்குத்தான் கொடுத்திருக்கிறது. டெஸ்பாட்ச் கிளார்க் தானாக முடிவு செய்ய முடியாது.

2. ஒரு கணக்கு

ஓர் ஓட்டுநர் காலை 5 மணிக்கு எழுந்து, 6 மணிக்கு ஆலை வாசலில் டோக்கன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். போக வேண்டிய இடம் பெரம்பலூர் வழியாகச் செங்கல்பட்டு; ஏறத்தாழ 240 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ.

காலை 6 - பிற்பகல் 2: யார்டில் வரிசை. அரை மணிக்கு ஒரு தரம் வண்டியை நகர்த்த வேண்டும்.
பிற்பகல் 2 - 4: காலி எடை, லோடு ஏற்றம், தார்ப்பாய் கட்டுதல், லோடு எடை, பில்.
மாலை 4 - இரவு 10.30: 6 மணி ஓட்டம், அரை மணி இடைவேளை.

டிரிப் ஷீட்டில் "ஓட்டம் 6 மணி" என்று மட்டும் எழுதினால் எப்படி இருக்கும்? 8 மணிக்கு 2 மணி குறைவு. பார்க்கிறவர் "நல்லாத்தானே இருக்கு" என்பார். உண்மையில் துணை வேலை 2 மணியைச் சேர்த்தால் 8. அரை மணிக்கு ஒரு தரம் நகர்த்திய வரிசையில் யாரால் தூங்க முடியும்? அந்த 8 மணியையும் சேர்த்தால் 16. விரிவு நேரம் பதினாறரை மணி. செங்கல்பட்டை நெருங்கும்போது அவர் கண் விழித்துப் பதினேழரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இந்த எண் ஏன் முக்கியம்? 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டுகூடக் குடிக்காத அந்த மனிதர், சட்டம் தாங்கும் அளவைத் தாண்டிய நிலையில் உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று 4 வழிச் சாலையில் வந்துகொண்டிருக்கிறார். ஊதிப் பார்க்கும் கருவியில் இது தெரியாது. ஒழுங்காக எழுதிய டிரிப் ஷீட்டில் மட்டும்தான் தெரியும்.

3. அதே வேலை, வேறு விதமாக

இப்போது இன்னொருவர். இரவு 8 மணிக்கு யார்டுக்கு வருகிறார். "அண்ணே, உங்க முறை காலைல 6 மணிக்குத்தான், சாவியைக் குடுத்துட்டுப் போய்ப் படுங்க" என்கிறார் டெஸ்பாட்ச் தம்பி. ஓட்டுநர் ஓய்வறையில் தூங்குகிறார். 6 முதல் 8 வரை லோடு. 8 மணிக்குக் கிளம்பிப் பிற்பகல் 2.30-க்குச் செங்கல்பட்டு.

முதலாமவர் காத்திருந்தது 8 மணி. இவர் காத்திருந்தது 10 மணி. ஆனாலும் இவருடைய பணி நேரம் 8 மணி, விரிவு எட்டரை மணி. வித்தியாசம் எங்கே இருக்கிறது? முறை எப்போது வரும் என்று இவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. வண்டியின் பொறுப்பும் கையை விட்டுப் போனது. அந்த இரண்டும் இருந்ததால்தான் காத்திருப்பு ஓய்வாக மாறியது.

4. வெளிநாடுகளில் எப்படி?

ஐரோப்பாவில் லாரியில் டேக்கோகிராஃப் என்ற பதிவுக் கருவி இருக்கும். அதில் ஓட்டம், பிற வேலை, தயார் நிலை, ஓய்வு என நான்கு நிலைகள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால்தான் தயார் நிலை என்று போடலாம். தெரியாவிட்டால் அது பிற வேலை.

அமெரிக்காவில் பணி தொடங்கிய 14 மணிக்குள் ஓட்டம் முடிய வேண்டும். அதற்குள் ஓட்டம் 11 மணிதான். லோடுக்கு நின்றாலும் அந்த 14 மணிக் கடிகாரம் நிற்காது. 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளில் மின்னணுப் பதிவு கட்டாயம். லோடு இடத்தில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கும் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2018-ல் கணித்தது. ஓட்டுநர் இழந்த நேரத்தை சாலையில் பிடிக்கப் பார்க்கிறார் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

5. நாம் செய்யக் கூடியவை

அ) டிரிப் ஷீட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: ஓட்டம், துணை வேலை, வரிசைக் காத்திருப்பு, ஓய்வு. காத்திருப்பை ஓய்வோடு கலக்காதீர்கள்.

ஆ) நேரத்தை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள். டோக்கன், கேட் பாஸ், இரண்டு எடைச் சீட்டுகள், திருமாந்துறை டோல்கேட்டில் பாஸ்டேக் அனுப்பும் செய்தி எல்லாவற்றிலும் மணி அச்சாகி வருகிறது. அவற்றைச் சேர்த்துப் பின் குத்துங்கள். ஹால்டிங் காசு கேட்கும்போதும் இதே சீட்டுகள்தான் ஓட்டுநருக்குச் சாட்சி.

இ) லோடு எடை போட்டதும் விரிவு நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் ஓட்டுநருக்கு மாலை 4 மணிக்கே 10 மணி தீர்ந்துவிட்டது. மீதி 2 மணியில் செங்கல்பட்டு ஆகாது, 30 கி.மீ. தள்ளியிருக்கும் பெரம்பலூர் ஆகும். 4.45-க்கு அங்கே நிறுத்தித் தூங்கி, காலை 5 மணிக்கு எடுத்தால் அரை மணி இடைவேளையோடு 10.45-க்குச் செங்கல்பட்டு. முதல் நாளில் 8-ஐத் தாண்டியது மிகை நேரம் என்று எழுத வேண்டும். இல்லையென்றால் பெரம்பலூரில் ஓய்வெடுத்த வேறு ஓட்டுநரை ஏற்ற வேண்டும்.

ஈ) "பில் டைம் முடிஞ்சிடும், கிளம்புய்யா" என்று அவசரப்படுத்துபவர்களுக்குப் பதில் உண்டு. ஈ-வே பில் சாதாரணச் சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் தருகிறது. 240 கி.மீ.க்கு 2 நாள். ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டச் சொல்வது பில் அல்ல.

உ) வரிசைக்குப் பதில் நேரம் ஒதுக்கிய டோக்கன், படுக்க ஓர் ஓய்வறை. இந்த இரண்டையும் நிர்வாகத்திடம் கேட்க டெஸ்பாட்சில் இருப்பவருக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. கேட்கும்போது ஒரு மாத டிரிப் ஷீட்டின் காத்திருப்புக் கட்டத்தைக் கூட்டி எடுத்துப் போங்கள். எண் பேசும்.

6. பயிற்சி

ஓட்டுநர் நள்ளிரவு 12-க்கு யார்டுக்கு வருகிறார். 20 நிமிடத்துக்கு ஒரு தரம் வண்டி நகர்கிறது. காலை 6-க்கு உள்ளே போய் 8-க்கு வெளியே வருகிறார். அவரைச் செங்கல்பட்டுக்கு அனுப்பலாமா? நான்கு கட்டத்தையும் நிரப்பி, விரிவு நேரம் கண்டு, விடை எழுதுக.

நாளை அந்த நாற்காலியில் நாம் உட்காரும்போது எதிரே நிற்கிற அண்ணன், "தம்பி, ரெஸ்ட்டுன்னே எழுதிக்க, ஒரு நடை போனாத்தான் பேட்டா" என்று சொல்லக் கூடும். அவர் வீட்டு அடுப்பு எரிவது அந்தப் பேட்டாவில்தான். அவர் மேல் கோபப்பட வேண்டாம். அவர் காத்திருந்த மணிகளை உள்ளபடி எழுதுவோம். எழுதாத மணிக்கு யாரும் கூலி தர மாட்டார்கள். எழுதாத தூக்கத்தை யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.