ஒரு தட்டு போதும், மருமகன்

ஈஸ்ட்ஹாம், லண்டன்.

அன்பு மருமகன்,

நீ அனுப்பிய குரல் பதிவை நேற்று இரவு கேட்டேன். காலையில் எழும்பித் தேத்தண்ணியோடு இன்னொரு தரம் கேட்டேன். நீ பிங்க் ஃபுளொயிட் குழுவின் பாட்டுகளைக் கேட்கத் தொடங்கியிருக்கிறாய் என்பது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உனக்கு விளங்காது. எங்கள் குடும்பத்தில் இதைப் பற்றிக் கதைக்க எனக்கு முப்பத்தைந்து வருடமாக ஒருவரும் இருக்கவில்லை. முந்தநாள் அக்காவும் போன் எடுத்தா. "முதல் சம்பளம் முழுவதையும் ஒரு பெட்டிக்குக் கொட்டப் போறான், நீ சொன்னால்தான் கேட்பான்" என்றா. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

அவர்களின் "த டார்க் சைட் ஒஃப் த மூன்" அல்பத்தின் ஐம்பதாவது ஆண்டுக்காக 2023இல் வந்த பெட்டியை வாங்குவதா, 2011இல் வந்த பழைய பெட்டியை எங்காவது தேடிப் பிடிப்பதா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டையும் வாங்காதே. 1974இல் வெம்பிளியில் வாசித்த அதே கச்சேரிதான் இரண்டிலும் இருக்கிறது. 2011 பெட்டிக்குள் போளையும் கழுத்துச் சால்வையும்கூட வைத்திருந்தார்கள். அதற்குள் உண்மையான புதையல் ஒன்று உண்டு என்பதை மறுக்கமாட்டேன்: ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் 1972இல் செய்த முதற்கலவை, பாடகி கிளேர் டொறியின் குரல் வந்து சேருமுன் அந்த அல்பம் எப்படி இருந்தது என்று காட்டுவது. ஆனால் ஒரு வீட்டை உள்ளும் புறமும் அறிந்தவனுக்குத்தான் அதன் அத்திவாரப் படம் சுவைக்கும். நீ இன்னும் அந்த வீட்டு வாசலில்தான் நிற்கிறாய்.

நான் எப்படிக் கேட்டேன் என்று சொல்கிறேன். 1986. ஒரு அறையில் நான்கு பொடியன்கள். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பழைய சாமான் கடையொன்றில் முப்பட்டகம் போட்ட அந்த அல்பத்தின் கறுப்பு உறையைக் கண்டு, படத்துக்காகவே வாங்கினேன். இசைத்தட்டில் முதல் சுற்றிலேயே கீறல். மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு, காலை எட்டு மணிக்கு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். முதலில் ஊசியின் பொரிச்சத்தம், பிறகு எங்கோ தூரத்தில் இதயத்துடிப்பு. ஒரு மாதத்துக்கு வேறு தட்டே இல்லை, வாங்கக் காசும் இல்லை. அந்த ஒரு மாதம்தான் என்னைக் கேட்கப் பழக்கியது. பல வருடம் கழித்து சீடியில் அதே அல்பத்தைப் போட்டபோது இதயத்துடிப்பு சுத்தமான மௌனத்திலிருந்து வந்தது. என் காது அந்தப் பொரிச்சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

ஆகவே, சாதாரணமான ஒரு தட்டு வாங்கு. புதிய அச்சு என்றாலும் சரி, பழையது என்றாலும் சரி. அந்த ஒன்றை மட்டும் மூன்று மாதம் கேள். மொத்தம் நாற்பத்துமூன்று நிமிடம்தான். கையில் போன் இல்லாமல், இடையில் எழும்பாமல் கேள். ஒருமுறை மட்டும் எழும்பத்தான் வேண்டும், தட்டைத் திருப்பிப் போட. அந்த எழும்பலும் அல்பத்தில் ஒரு பகுதிதான். முதல் பக்கம் கிளேர் டொறியின் குரல் ஓய்ந்து அடங்குவதோடு முடிகிறது. நீ நடந்து போய்த் திருப்பிப் போட்டால் கல்லாப்பெட்டிச் சத்தத்தோடு "மணி" தொடங்கும். அந்த ஒரு நிமிட இடைவெளி இல்லாமல் இரண்டையும் ஒட்டிக் கேட்டால், அழுது முடித்தவரின் முன்னால் சில்லறையைக் கொட்டியது போல இருக்கும்.

பீற்றில்ஸின் "அபே றோட்" இன்னும் நல்ல உதாரணம். 1969இல் வந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, இருண்டு கனத்து ஒரே சுழலில் சுற்றிச் சுற்றி வந்து, கத்தியால் வெட்டியது போல நடுவில் நின்றுவிடும். முடிவில்லை, தேய்வில்லை. தட்டு வைத்திருப்பவர் அந்த மௌனத்தில் ஒரு கணம் திகைத்து இருந்து, பிறகு எழும்பித் திருப்பிப் போடுவார். ஜோர்ஜ் ஹரிசனின் கிற்றார் மெல்ல வெயில் எழுவது போல வரும். போனில் கேட்பவனுக்கு இருட்டுக்கும் வெயிலுக்கும் நடுவில் மூச்சு விடும் நேரம்கூட இல்லை. இதை எந்தப் பெட்டியாலும் உனக்குத் தர ஏலாது. எழும்பி நடக்கும் உன் கால்தான் தரும்.

இனி மறுவெளியீடுகளைப் பற்றி. கடைக்காரர்கள் ரீமாஸ்ரர், ரீமிக்ஸ் என்று இரண்டையும் ஒன்று போலச் சொல்வார்கள். இரண்டும் வேறு. அந்தக் காலத்து ரேப்பில் ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனித் தடத்தில் கிடக்கும். "டார்க் சைட்" பதினாறு தடத்தில் பதிந்தது. அந்தத் தடங்களை எந்த அளவில், எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்து இரண்டு தடமாக்குவதுதான் கலவை. அப்படி முடிந்த கலவையைத் தட்டுக்கோ சீடிக்கோ ஏற்றபடி சீராக்குவது மாஸ்ரரிங். ரீமாஸ்ரர் என்றால் சமைத்த கறிக்கு உப்புப் பார்ப்பது. ரீமிக்ஸ் என்றால் அதே காய்கறியை எடுத்து இன்னொருவர் மறுபடி சமைப்பது. அதனால் புதுப் பதிப்பு எதைக் கண்டாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ரேப்பைத் தொட்ட கை யாருடையது என்பது. உறையைத் திருப்பிச் சின்ன எழுத்துகளை வாசி.

நல்ல கைகள் உண்டு. ஜெத்ரோ டல்லின் "அக்வலங்" 1971இல் வந்தபோதே சேறு படிந்த மாதிரியான ஒலி. பாட்டுகள் பெரிய பாட்டுகள். ஆனால் கம்பளிப் போர்வைக்கு அடியிலிருந்து வருவது போல இருக்கும். 2011இல் ஸ்டீவன் வில்சன் மூல ரேப்புகளிலிருந்து மறுபடி கலந்தபோது போர்வை விலகியது. அந்த அல்பத்துக்கு நான் பழைய தட்டைச் சிபாரிசு செய்யமாட்டேன், வில்சனுடையதைத்தான் வாங்கு. இன்னொன்று டீப் பேர்ப்பிளின் "மெஷின் ஹெட்". 1971 டிசம்பரில் சுவிற்சர்லாந்தின் மொந்த்ரே நகரத்துக்கு ஒலிப்பதிவு செய்யப் போனார்கள். அங்கே ஃபிராங்க் சப்பாவின் கச்சேரியில் யாரோ வாணத் துப்பாக்கி சுட, கசீனோ முழுவதும் எரிந்தது. புகை ஏரியின் மேல் பரவியதைக் கண்டுதான் அந்தப் புகழ்பெற்ற பாட்டை எழுதினார்கள், ஒரு ஹொட்டேலின் நடைக்கூடத்தில் அல்பத்தைப் பதிந்தார்கள். 2024இல் அந்த ரேப்புகளை மறுபடி கலக்கக் கொடுத்தது யாரிடம் தெரியுமா? ஃபிராங்க் சப்பாவின் மகன் டுவீசிலிடம். தகப்பனின் கச்சேரியில் பிடித்த நெருப்பிலிருந்து பிறந்த பாட்டு, ஐம்பது வருடம் கழித்து மகனின் கைக்கு வந்தது. இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கெட்டதும் உண்டு. ஒஸி ஒஸ்போர்னின் முதல் இரண்டு தனி அல்பங்கள், 1980இலும் 1981இலும் வந்தவை, 2002இல் மறுவெளியீடாக வந்தபோது பாஸ் கிற்றாரையும் டிரம்ஸையும் அழித்துவிட்டு வேறு இருவரை வைத்து வாசிப்பித்திருந்தார்கள். பொப் டெய்ஸ்லியும் லீ கேர்ஸ்லேக்கும் வாசித்த இடத்தில் அந்நியக் கைகள். உரிமைப் பணத்துக்காக அவர்கள் இருவரும் வழக்காடிய காலம் அது. அந்த இரண்டிலும் வாசித்த றாண்டி றோட்ஸ் என்ற அருமையான கிற்றார்க்காரன் இருபத்தைந்து வயதில் இறந்துபோனான். அவன் யாரோடு சேர்ந்து வாசித்தானோ அவர்களைப் பக்கத்திலிருந்து தூக்கியது பெரிய அநியாயம். 2011இல் பழையதையே திரும்ப வைத்தார்கள். 2002 பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதே.

எனக்கே தீர்ப்புச் சொல்லக் கஷ்டமான ஒன்றும் இருக்கிறது. த ஹூ குழுவின் "லைவ் அற் லீட்ஸ்". 1970 பெப்ரவரி 14, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டு மண்டபம். அந்த வருடம் வந்த தட்டில் ஆறே ஆறு பாட்டு. ரேப்பில் பொரிச்சத்தம் விழுந்திருந்தது, அது அப்படித்தான் இருக்கும், திருத்தவேண்டாம் என்று தட்டின் நடுத்தாளிலேயே கையெழுத்தில் எழுதிவிட்டார்கள். 1995 பதிப்பில் பாட்டுகள் பதினான்காகின, பொரிச்சத்தத்தைக் கணினியால் துடைத்தார்கள். 2001இல் முழுக் கச்சேரியும் இரண்டு சீடியாக வந்தது. 2010 பெட்டியில் மறுநாள் ஹல் நகரத்தில் செய்த கச்சேரியும் சேர்ந்தது. ஹல்லின் ரேப்பில் முதல் சில பாட்டுகளுக்கு பாஸ் பதிவாகாததால் குழுவின் பாஸ்காரர் என்ற்விஸில் லீட்ஸில் வாசித்ததை எடுத்துப் பொருத்தினார்கள். எது நல்லது என்று நீ கேட்பாய். முழுக் கச்சேரி ஒரு இரவின் ஆவணம். ஆறு பாட்டுத் தட்டு ஒரு அல்பம். எதை விடுவது என்று துணிந்து முடிவெடுத்தவர்களின் வேலை அது. முதலில் ஆறு பாட்டைக் கேள். மிச்சம் எங்கேயும் ஓடாது.

இனி, நீ கேட்ட கச்சேரி விசயத்துக்கு வருகிறேன். 1994 ஒக்ரோபரில் ஏர்ள்ஸ் கோர்ட்டில் பிங்க் ஃபுளொயிட் பதினான்கு இரவுகள் வாசித்தார்கள். நான் 20ஆம் திகதி போனேன், படம் பிடித்த இரவு. "டார்க் சைட்" முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். மேலே கடைசி வரிசைகளில் எங்கோ இருந்தேன், மேடையில் மனிதர்கள் விரல் அளவுதான். கடைசியில் பெரிய கண்ணாடி உருண்டை எழும்பிப் பூவாய் விரிந்தபோது, ஒளித்துண்டுகள் கூரையிலும் சனத்தின் மேலும் ஓடின. எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரின் கையில் ஒரு துண்டு வந்து தங்கிப் போனது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வருடம் "பல்ஸ்" என்று சீடி வந்தது. உறையின் முதுகில் சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டே இருக்கும். எத்தனையோ இரவு அலுமாரியில் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சீடி என் இரவு அல்ல, அந்தச் சுற்றுப்பயணத்தின் பல ஊர்க் கச்சேரிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. படம் என்னுடைய இரவுதான், என்றாலும் அந்தக் கிழவரின் கை அதில் இல்லை. பதிவை வாங்கி வைத்தால் போய்ப் பார்த்த மாதிரி என்று நினைத்துவிடாதே.

அந்த மாதம் 29ஆம் திகதியோடு பிங்க் ஃபுளொயிட் முழுக் கச்சேரி செய்வதை நிறுத்திக்கொண்டது. 2005 ஜூலையில் ஹைட் பார்க்கில் முன்பு பிரிந்துபோன றொஜர் வோட்டர்ஸும் சேர்ந்து நால்வராக ஒரு தரம் நின்றார்கள். அந்த நால்வரில் றிச்சர்ட் றைட் 2008இல் இறந்துபோனார். அதனால்தான், வயதுபோனவர்களின் கச்சேரிக்குக் காசு கொடுத்துப் போவது வீணா என்று நீ கேட்டதற்கு என் பதில்: பெட்டிக்கு வைத்திருக்கும் காசை ரிக்கற்றுக்குக் கொடு. குரல் முன்பு போல இராது. டீப் பேர்ப்பிளின் பாடகர் இயன் கில்லன் "சைல்ட் இன் டைம்" பாட்டைப் பல வருடங்களுக்கு முன்பே விட்டுவிட்டார், அந்த உச்சத்துக்கு இனி நேர்மையாகப் போக ஏலாது என்று. அதை நான் மதிக்கிறேன். உச்சம் போனாலும் நிதானம் இருக்கிறது, ஐம்பது வருடமாக ஒரே பாட்டோடு வாழ்ந்த விரல்கள் இருக்கின்றன. பிங்க் ஃபுளொயிட்டின் நிக் மேசன் 2018 தொடக்கம் தன் சின்னக் குழுவோடு "டார்க் சைட்"டுக்கு முந்திய பாட்டுகளை மட்டும் வாசித்து வந்தார். உன் ஊர்ப் பக்கம் யார் வருகிறார்கள் என்று கண் வைத்திரு.

போகும்போது காதடைப்பான் கொண்டு போ. இதை மறக்காதே. 1976இல் சார்ள்ரன் மைதானத்தில் த ஹூ வாசித்தபோது 32 மீற்றர் தூரத்தில் 126 டெசிபல் அளந்தார்கள். அந்தக் குழுவின் பீற் ரவுன்சென்ட் செவிப்பாதிப்போடு வாழ்கிறவர். எனக்கும் இரவில் இடது காதில் ஒரு சன்ன இரைச்சல் நிற்காமல் கேட்கிறது. இளமையில் எவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் உனக்குச் சொல்லிவிட்டேன்.

மறுவெளியீட்டுக்குத் திரும்பி, கிளேர் டொறி பற்றி ஒன்று. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரூடியோவுக்கு வந்து, சொற்களே இல்லாமல் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் பாடிக் கொடுத்துவிட்டு, 30 பவுண் வாங்கிக்கொண்டு போனவர். மெட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று முப்பது வருடம் கழித்து வழக்குப் போட்டார். 2005இல் அது தீர்ந்தது, அதன்பின் வந்த பதிப்புகளில் றைட்டின் பெயரோடு இசையமைத்தவராக அவர் பெயரும் அச்சாகிறது. என்னுடைய பழைய தட்டில் அவர் வெறும் பாடகி. மறுவெளியீடு எல்லாமே காசுக்காக என்று சொல்பவர்களிடம் இதை நான் காட்டுவேன்.

அந்தப் பழைய தட்டை உனக்கே தருகிறேன். அடுத்த மாதம் இங்கிருந்து ரொரன்ரோவுக்கு ஒருவர் வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன், கடையில் வாங்கவேண்டாம். முதல் சுற்றில் கீறல் இருக்கிறது, பயப்படாதே, ஊசி தாண்டாது. சம்பளத்தில் நல்ல ஊசி ஒன்று வாங்கி வை. தேய்ந்த ஊசியில் மட்டும் அதைப் போட்டுவிடாதே.

அன்புடன்,
மாமா