தோளில் அடியா? எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வையுங்கள்!

மேற்குத் தாம்பரத்தில் உள்ள என் கிளினிக்குக்கு ஒரு காலேஜ் பையனை அவன் அம்மா அழைத்து வந்தார். முந்தின நாள் மழையில், ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக் சறுக்கிக் கையை ஊன்றி விழுந்திருக்கிறான். "வெறும் சுளுக்குதான் டாக்டர். நல்லெண்ணெய் காய்ச்சி நீவி விட்டேன். ராத்திரியெல்லாம் தூங்கலை" என்றார்.

பையன் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தான். உருண்டையாக இருக்க வேண்டிய தோள் முனை, ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி சதுரமாகத் தெரிந்தது. தடுப்பூசி போடும் இடத்தில் தொட்டால் உணர்ச்சியே இல்லை. பந்து, கிண்ணத்தை விட்டு நழுவியிருக்கிறது! அந்த மூட்டைத்தான் அம்மா நீவியிருக்கிறார்.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமே இல்லாதது. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அதனாலேயே, பெரும்பாலும் முன்பக்கமாக, நழுவியும் விடுகிறது. மூட்டுக்குக் கீழே ஒட்டிச் செல்லும் நரம்பு அப்போது இழுபடும். நீவினால் இன்னும் இழுபடும்.

பாளையங்கோட்டையில் வர்மமும் தொக்கணமும் படித்தவன் நான். நானே சொல்கிறேன்: எக்ஸ்ரே பார்க்காமல் தோளில் யாரையும் கை வைக்க விடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். தூளி கட்டி எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். மயக்கம் கொடுத்து மூட்டைச் சேர்த்தார்கள். மரத்த இடம் தெளிய மூன்று மாதம் ஆயிற்று.

காறை எலும்பு முறிந்தால் பெரும்பாலும் தூளியிலேயே கூடிவிடும். ஆனால் எலும்பு தோலைக் குத்தி நின்றாலோ, விரல்கள் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

இளவயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவப் பார்க்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தசைநார் கிழிந்து, கையைத் தூக்க முடியாமல் போகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிவிடும். கும்பவாதம் என்போமே, அதுதான். எலும்பு மருத்துவர் சரி என்ற பிறகு, இந்த இறுக்கத்துக்குத் தைலமும் ஒத்தடமும் கொஞ்சம் இதமாக இருக்கலாம். தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் காட்டலாம். குனிந்து கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டம் போடுங்கள். பிறகு சுவரில் விரல்களால் மெல்ல ஏறுங்கள்.

"சட்டை எப்படி மாட்டி விடறது?" என்று கேட்டார் அந்த அம்மா. போடும்போது அடிபட்ட கை முதலில். கழற்றும்போது அது கடைசியில்.