கரியும் துருவும் புழுதியும்

மாணவர்களே, காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் இரயில் பாதையை நீங்கள் அறிவீர்கள். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது உங்களுள் பலர் அதில் பயணம் செய்கிறீர்கள். இன்று அஃது அகலப் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. மின்சார எஞ்சின்கள் வண்டியை இழுக்கின்றன. உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் அது மீட்டர் பாதையாக இருந்தது. இடைவெளி 1000 மில்லிமீட்டர்தான். வண்டியை நீராவி எஞ்சின் இழுத்தது. சன்னலோரம் அமர்ந்தவர் கண்ணில் கரித்தூள் விழும்; வெள்ளைச் சட்டை வீடு சேரும்போது வெள்ளையாக இராது.

அந்தப் பாதையும் போயிற்று, அந்த எஞ்சினும் போயிற்று. ஆயினும் அந்த எஞ்சினைச் சிறு மாதிரியாகச் செய்து மேசைமேல் நிறுத்தலாம். அதற்கு வண்ணம் தீட்டுவது எவ்வாறு, தீட்டியபின் அழுக்கேற்றுவது எவ்வாறு என்பதே இப்பாடம். அழுக்கேற்றுவதா என்று வியக்க வேண்டா. கடையில் வாங்கிய பொம்மைக்கும் உண்மை எஞ்சினின் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அழுக்கில்தான் இருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்வது ஒய்.பி. வகை எஞ்சின். ‘ஒய்’ என்பது மீட்டர் பாதையையும் ‘பி’ என்பது பயணியர் வண்டியையும் குறிக்கும். 1949 முதல் 1970 வரை இவ்வகையில் 871 எஞ்சின்கள் செய்யப்பட்டன. முதலில் அயல்நாடுகளிலிருந்து வந்தன. பின்னர் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் செய்தது. இதன் பெரிய சக்கரங்களின் விட்டம் 1372 மில்லிமீட்டர். மாதிரி செய்வோர் உலகெங்கும் மிகுதியாகக் கையாளும் அளவு விகிதம் 1:87. அவ்விகிதத்தில் சக்கரம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஓர் உருபாய் நாணயத்தைவிடச் சிறிது!

சுருங்குவது உருவம் மட்டுமன்று. நிறமும் மாறவேண்டும். இதனைத் தொடக்கநிலையினர் எண்ணிப் பார்ப்பதில்லை. திருப்பதி இரயில் நிலையத்தில் நின்று திருமலையை நோக்குங்கள். அங்குள்ள மரங்கள் பச்சை, பாறைகள் செந்நிறம். ஆனால் நம் கண்ணுக்கு மலை நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இடையிலுள்ள காற்றும் தூசியும் ஒளியைச் சிதறடித்து நிறங்களை வெளிறச் செய்கின்றன. இப்போது மாதிரிக்கு வருவோம். 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து அதனைப் பார்ப்பது, உண்மை எஞ்சினை 26 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். 26 மீட்டர் தொலைவில் திறந்த வெயிலில் நிற்கும் கரிய எஞ்சின் மையைப் போலக் கறுத்துத் தோன்றாது. ஆகவே கறுப்பு வண்ணத்துடன் சிறிது வெள்ளையும் துளிப் பழுப்பும் கலந்து, அடர்ந்த சாம்பலாக்கிக்கொள்ள வேண்டும். தூய கறுப்பைப் பூசினால் திருகாணி, மடிப்பு, விளிம்பு யாவும் ஒரே இருளில் மறைந்துவிடும்.

பூசும் முறை எளியது; பொறுமைதான் அரியது. மாதிரியைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது. பிறகு சாம்பல் நிறப் பிரைமரை மெல்லிய அடிப்பூச்சாகத் தெளியுங்கள். அதன்மேல் அக்ரிலிக் வண்ணம். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சு நன்று. ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்தபின் அடுத்தது. தெளிக்கும்போது சன்னலைத் திறந்து வைத்து முகக்கவசம் அணிய வேண்டும். தினரைப் பெரியவர் துணையின்றித் தொடக்கூடாது. மாதிரி ஓடக்கூடியதாயின், தண்டவாளத்தைத் தொடும் சக்கர விளிம்பில் வண்ணம் படலாகாது. அதன் வழியாகத்தான் மோட்டாருக்கு மின்சாரம் செல்கிறது.

இனி அழுக்கு. இங்கே உங்கள் தமிழறிவு துணைக்கு வரும். ‘அழுக்கு’ என்னும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எஞ்சின் முழுவதும் ஒரே பழுப்பைப் பூசுபவர் உண்டு. நம் மொழியோ அதனை நுட்பமாகப் பகுத்து வைத்திருக்கிறது. கரி, துரு, கறை, படிவு, பிசுக்கு, புழுதி, களிம்பு என ஒவ்வொன்றும் வேறு. அவை தோன்றும் காரணமும் இடமும் வேறு. சொல்லைச் சரியாகத் தேர்ந்தால் தூரிகை செல்லவேண்டிய இடமும் சரியாகவே அமையும்.

எஞ்சினின் முகப்பில் உள்ளது புகைப்பெட்டி. கொதிகலனைச் சுற்றி வெப்பம் காக்கும் உறை உண்டு. புகைப்பெட்டிக்கு அவ்வுறை இல்லை. அதனால் அங்கே வண்ணம் வெந்து, பளபளப்பு இழந்து, வெளிறிய சாம்பலாகிறது. அடிப்புறம் துருவும் ஏறுகிறது. புகைபோக்கியின் விளிம்பிலும் ஓட்டுநர் அறையின் கூரையிலும் படிவது கரி. அது துருவைப் போலச் செந்நிறம் காட்டாது. ஒளியை விழுங்கும் கருமை. பாதுகாப்பு வால்வின் அருகே வெண்கோடுகள் வழிந்திருக்கும். கொதிநீர் வெளியேறி ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு தங்கிவிடுகிறது. இது படிவு. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறம் பாருங்கள், அதே வெண்மைதான். சக்கரங்களிலும் இணைப்புத் தண்டுகளிலும் எண்ணெயும் தூசியும் கலந்த பிசுக்கு. அதற்கு மட்டும் சிறிது மினுமினுப்பு வேண்டும். களிம்பு செம்பிலும் பித்தளையிலும் பச்சையாகப் பூப்பது. குழாய் இணைப்பில் ஊசிமுனையளவு வைத்தால் போதும். ஊதலில் வேண்டா, ஓட்டுநர் துடைத்து வைத்திருப்பார்.

அழுக்கில்லாத இடங்களையும் மறவாதீர்கள். ஓட்டுநரும் ஃபயர்மேனும் நாள்தோறும் பற்றி ஏறிய கைப்பிடி தேய்ந்து ஒளிரும். கால் வைத்த படியின் விளிம்பில் வண்ணம் போய் இரும்பு தெரியும். அவ்விடங்களில் வெள்ளி நிறத்தை உலர்ந்த தூரிகையால் மெல்ல வருடுங்கள். தூரிகையில் வண்ணத்தைத் தொட்டு, தாளில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, எஞ்சியிருப்பதை மட்டும் விளிம்பில் தேய்க்க வேண்டும். அந்த எஞ்சினில் ஆட்கள் வேலை செய்தார்கள் என்பதை இந்தச் சிறு ஒளியே காட்டுகிறது. என் கருத்தில், முழு வேலையிலும் இதுவே சுவையான பகுதி.

புழுதிக்கு நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. சித்தூர்ப் பக்கத்துச் செம்மண் நம் காலடியில் கிடக்கிறது. இம்மண்ணின் சிவப்பும் துருவின் சிவப்பும் இரும்பு உயிர்வளியுடன் கூடியதால் வந்தவையே. கோயில் மதிலில் பூசும் காவியும் அவ்வகையே. எனினும் மண்ணை அள்ளி அப்படியே தூவக்கூடாது. அரை மில்லிமீட்டர் மணல் ஒன்று, 1:87 விகிதத்தில் 43 மில்லிமீட்டர் கல்லாகும்; எலுமிச்சம்பழம் அளவு கற்கள் எஞ்சின்மேல் கிடப்பதுபோல் தோன்றும். நன்கு உலர்த்தி, மல் துணியில் சலித்து, காந்தத்தை ஒருமுறை அருகில் கொண்டு செல்லுங்கள். மண்ணில் உள்ள இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனை நீக்காவிடில் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொண்டு பழுதாகிவிடும். சலித்த தூளைச் சக்கரச் சட்டத்தின் அருகே மிகுதியாகவும், மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் தொட்டு வையுங்கள். இறுதியில் பளபளப்பில்லாத வார்னிஷைத் தெளிக்கும்போது தூளில் பாதி மறைந்ததுபோலத் தோன்றும். ஆகவே முன்னரே சற்று மிகுதியாக இடுவது நன்று.

எஞ்சினின் கீழே தண்டவாளமும் மரக்கட்டைகளும் வேண்டுமல்லவா? இங்கே ஸ்ரீகாளஹஸ்திக் கலைஞர்கள் நமக்கு வழிகாட்டுகிறார்கள். அவ்வூர்க் கலம்காரித் துணியில் காணும் கருங்கோடுகள் கடையில் வாங்கிய மையால் ஆனவை அல்ல. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் பல நாள் ஊறவைத்து அக்கரைசலை எடுக்கிறார்கள். துணியோ முன்னரே கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்தப்பட்டது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடும் இடத்தில் கருமை பிறக்கிறது. அதே வேதியியலை நாமும் பயன்படுத்தலாம். மெல்லிய மரக்குச்சிகளில் திட்டமான தேநீரைப் பூசி உலர்த்துங்கள். தேநீரிலும் துவர்ப்பு உண்டு. இரும்பு நாரைச் சில நாள் வினிகரில் ஊறவைத்து, மூடியை இறுக்காமல் வைத்திருந்து, அந்நீரைக் குச்சிகளின்மேல் தடவுங்கள். சற்று நேரத்தில் பல ஆண்டு வெயிலில் கிடந்த கட்டைபோல அவை கருஞ்சாம்பலாகிவிடும்.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதா, கைவிடப்பட்டதா? ஓடும் எஞ்சினைத் தொழிலாளர் எண்ணெய் தோய்ந்த பஞ்சால் துடைப்பார்கள். அதன் கொதிகலன் பக்கம் மங்கிய மினுக்குடன் இருக்கும்; துரு சில இடங்களில் மட்டுமே. உடல் முழுதும் துருவேறியது கைவிடப்பட்ட எஞ்சின். அருங்காட்சியக எஞ்சின் மூன்றாவது வகை. சென்னையில் ஐ.சி.எஃப். அருகிலுள்ள இரயில் அருங்காட்சியகத்தில் நீராவி எஞ்சின்களை நேரில் காணலாம். திருகாணி எங்கே, குழாய் எங்கே என்று அறிய அவை நன்கு உதவும். ஆனால் பார்வையாளருக்காகப் பூசிய புது வண்ணத்தில் நிற்பதால், உழைத்த காலத்து அழுக்கை அவற்றில் தேடிப் பயனில்லை. அதற்குப் பழைய நிழற்படங்கள் வேண்டும். அப்பாதையில் சென்றவர்களின் நினைவும் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் புழுதியின் நிறத்தைச் சொல்லாது. அதனை உங்கள் பாட்டியிடந்தான் கேட்க வேண்டும்.

சொற்பொருள்
பிசுக்கு – எண்ணெயும் தூசியும் சேர்ந்த ஒட்டும் அழுக்கு
களிம்பு – செம்பு, பித்தளையில் ஏறும் பச்சை
படிவு – நீர் வற்றியபின் தங்குவது
துவர்ப்பு – அறுசுவையுள் ஒன்று. கடுக்காய், பாக்கு முதலியவற்றின் சுவை

பயிற்சி
1. மாதிரிக்குத் தூய கறுப்பைப் பூசக்கூடாது என்பதற்கான காரணத்தைத் திருமலைக் காட்சியுடன் ஒப்பிட்டு எழுதுக.
2. அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டர் இடைவெளி 1:87 விகிதத்தில் எவ்வளவாகும் எனக் கணக்கிடுக. கடைகளில் இவ்விகிதத்திற்கு விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதில் நம் நாட்டு அகலப் பாதை எஞ்சினின் மாதிரியை ஓட்டினால் தோற்றத்தில் நேரும் பிழை யாது?
3. உங்கள் வீட்டுச் சமையலறையில் கரி, கறை, படிவு, பிசுக்கு, துரு ஆகியவற்றை எங்கெங்கே காண்கிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் எழுதுக.
4. மீட்டர் பாதை வண்டியில் பயணம் செய்த உறவினர் ஒருவரிடம் அவ்வண்டியின் நிறம், ஓசை, மணம் பற்றிக் கேட்டு, அவர் கூறிய சொற்களிலேயே எழுதி வருக.