துகள் என்னும் சொல்

தமிழாசிரியராகிய நமக்குப் பௌதிகத்தில் என்ன அலுவல் எனப் பழைய மாணவர் நகைக்கலாம். ஒரு சொல்லே நம்மை ஈண்டு இழுத்து வந்தது. ‘துகள்’ என்றதும் இடிபட்ட பொருளின் பொடியே நினைவில் எழும். முறிகண்டிப் பிள்ளையார் முன் தேங்காயடித்தால் அத்தேங்காயின் சில்லுகளே சிதறும். புதுத் தேங்காய் பிறப்பதில்லை. புரோத்தன்களும் கருக்களும் மோதுமிடத்திலோ புதியன பிறக்கின்றன.

செனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்தில் 2010 இல் ஈயக்கருக்களை மோதவிட்டனர். ஓர் ஈயக்கருவில் புரோத்தனும் நியூத்திரனுமாக 208, இரண்டிலும் 416. நேருக்கு நேர் மோதியபோது வெளிப்பட்ட மின்னேற்றத் துகள்கள் மட்டும் ஏறத்தாழ 17,000! அவற்றுட் பெரும்பாலானவை பயோன்கள். அவை ஈயத்துள் ஒளிந்திருந்தவை அல்ல. மோதலின் சக்தியே திணிவாயிற்று. ‘உடைந்து வந்த துகள்’ என்றெழுதும் மாணவர் ‘பிறந்த துகள்’ எனத் திருத்துக.

மனிதர் பொறியமைக்கு முன்னரே வானம் இதனைச் செய்துவருகின்றது. விண்வெளியினின்று விரைந்து வரும் புரோத்தனோ இரும்புக்கருவோ காற்றின் கருக்களை மோதப் பயோன்கள் பிறக்கின்றன. அவற்றுட் பல சிதைந்து மியூவோன்களாய் மண்ணை அடைகின்றன. உதகமண்டலத்திலுள்ள கிரேப்ஸ்-3 நிலையம் அவற்றை எண்ணுகின்றது. வந்தது எது என அறிவது எங்ஙனம்? ஒரே சக்தியுடன் வரினும், இரும்புக்கரு அதனை 56 பங்காக்குகின்றது. ஆதலின் அதன் பயோன்கள் சக்தி குறைந்தவை, மறுபடி மோதுமுன் சிதைந்து கூடுதலான மியூவோன்களைத் தருபவை. மியூவோன் தொகை மிகுந்தால் வந்தது பாரமான கருவெனக் கொள்வர், குறைந்தால் புரோத்தன்.