துடைத்த வீட்டில் மூட்டைப்பூச்சி

கேள்வி: தினமும் கூட்டித் துடைக்கிறோம். பிறகும் மூட்டைப்பூச்சி எப்படி வந்தது?

பதில்: அதற்கு வேண்டியது குப்பை அல்ல, ரத்தம். இறக்கையில்லாத அந்தப் பூச்சியைத் தொலைவிலிருந்து யாராவது சுமந்து வர வேண்டும். பெரும்பாலும் பயணப்பெட்டியிலோ பழைய கட்டிலிலோ. 2017இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடுத்திய துணிகளையும் துவைத்த துணிகளையும் தனித்தனிப் பைகளில் ஒரே அறையில் வைத்துப் பார்த்தார்கள். அழுக்குத் துணிப் பைகளில் இருமடங்கு பூச்சிகள் சேர்ந்திருந்தன. துணியில் தங்கிய மனித வாடைதான் இழுத்திருக்கிறது. அதாவது, விடுதி அறையில் கழற்றிப்போட்ட சட்டையோடு அது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். 'அப்படியானால் நெரிசலான குடியிருப்புகளில் ஏன் அதிகம்?' என்று கேட்பீர்கள். அங்கே ஒளிய இடுக்குகள் அதிகம். சுவரிலுள்ள குழாய்த் துளை வழியே அடுத்த வீட்டுக்கு நடந்தே போய்விடும். முறையாக மருந்தடிக்கக் காசும் இராது. சுத்தக்குறைவு என்று பழிப்பதால் (உறவினர்களுக்கு இதில் தனி ருசி) பலர் வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள், பூச்சி பெருகுகிறது. ஊரிலிருந்து திரும்பியதும் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல், துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்துவிடுங்கள்.